கண்ணாடி பார்த்த குற்றம்

பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போதுதான் அந்தச் செய்தி போனில் வந்து விழுந்தது. 'தாங்கள் எழுதிய இறுதித் தேர்வு ரத்து செய்யப்படுகிறது. காரணம்: முறைகேடு. தேர்வு நேரம் முழுவதும் தாங்கள் அடிக்கடி திரையை விட்டு வெளியே பார்த்தது பதிவாகியுள்ளது.' கீழே யார் பேரும் இல்லை. 'இது தானாக அனுப்பப்பட்ட செய்தி, பதில் அனுப்ப வேண்டாம்' என்று மட்டும் இருந்தது. அடியும் அடித்துவிட்டு அழாதே என்று வாயையும் பொத்துகிற கதைதான்.

டிப்போவில் அவளுக்கு 'நிதானம்' என்று பேர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வண்டி ஓட்டுகிறவர்கள் வைத்தது. எவன் குறுக்கே புகுந்தாலும், எவன் பின்னாலிருந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தாலும், ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. இத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குப் போனைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, வண்டியில் ஆள் இல்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? இரண்டு வருஷப் படிப்பு அது. போக்குவரத்து நிர்வாகத்தில் பட்டயம். அந்தப் பட்டயம் கையில் இருந்தால்தான் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு மனுப் போடலாம். அந்த வேலைமேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. அவளுக்கு வண்டி பழக்கிவிட்டவன் பழக்கவில்லை, திட்டினான். காது கூசுகிற திட்டு. புதுசாக வேலைக்கு வருகிற பெண்களும் அந்த மாதிரி வாய்களில் போய் விழுவதைப் பார்த்துப் பார்த்து, 'இதை நான் செஞ்சா ஒழுங்கா செய்வேன்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு கிடந்தாள்.

கல்லூரிக்குப் போய்ப் படிப்பதெல்லாம் நடக்கிற காரியமா? ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மாலை ஷிப்ட். எந்தக் கல்லூரி அவளுக்காக மணி அடிக்கும்? ஆன்லைன் என்று ஒன்று வந்ததால்தான் படிக்கவே முடிந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவே டிப்போ ஓய்வறையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வாத்தியாரைப் பாதிப் பேச்சில் நிறுத்தி வைக்கலாம். புரியவில்லையென்றால் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கலாம், மனுஷன் முகம் சுளிக்கமாட்டார். நாற்பதைத் தாண்டினவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே என்று எந்தச் சின்னப் பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க முடியாது.

அதிலும் 'சாலைப் பாதுகாப்பு' எடுத்த ஆசிரியர் இருக்கிறாரே, அவர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரியே ஆகிவிட்டார். வழுக்கை, வறட்டு இருமல், பேசிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற பழக்கம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வீட்டில் வாய் திறந்தால் 'எங்க சார், எங்க சார்' தான். சலூன் வைத்திருக்கிற புருஷன், "உங்க சார் சாப்பிட்டாராமா?" என்று கிண்டல் பண்ணுவார்.

ஆனால் எங்க சாருக்கு இவளைத் தெரியாது. அங்கேதான் வந்தது வினை.

செய்தி வந்த அன்றைக்கே உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் குரல் ஒன்றை அமுக்கச் சொன்னது, இரண்டை அமுக்கச் சொன்னது, கடைசியில் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லி வைத்துவிட்டது. இணையதளத்தில் ஒரு பொம்மை வந்து கும்பிட்டு, 'உங்களுக்கு எப்படி உதவலாம்?' என்றது. 'நான் காப்பி அடிக்கலை' என்று தட்டினாள். 'உங்கள் கேள்வி புரியவில்லை, கட்டணம் பற்றிக் கேட்கிறீர்களா?' என்றது பொம்மை. கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குழுவில் விஷயத்தைப் போட்டாள். தினமும் பூப் படத்தோடு காலை வணக்கம் சொல்கிற கூட்டம் அது. அன்றைக்கு ஊமையாகிவிட்டது. யாரோ ஒருத்தி மட்டும் கைகூப்புகிற படம் போட்டாள். இரண்டு வருஷம் ஒன்றாகப் படித்த உறவு அந்தக் கைகூப்பலோடு சரி.

இது போதாதென்று, படிப்புக்குச் சிபாரிசு பண்ணியது டிப்போ என்பதால் மேனேஜருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. மறுநாள் ஓய்வறைக்குள் நுழைந்தால் ஒருத்தன், "என்னக்கா, பிட்டு எங்க வச்சிருந்தீங்க, ஸ்டியரிங்குக்கு அடியிலயா?" என்றான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். அவளுக்கு நெஞ்சில் நெருஞ்சி முள் ஏறின மாதிரி இருந்தது. மேனேஜர் கூப்பிட்டு, பயிற்சியாளர் வேலைக்கு மனு வாங்கப்போகிறோம், அதற்குள் இதைச் சரிபண்ணிக்கொண்டு வா, இல்லையென்றால் இந்தத் தடவை மறந்துவிடு என்று சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

அத்தாட்சி என்று, வீட்டில் அவள் தேர்வு எழுதும்போது மடிக்கணினிக் கேமரா பிடித்த ஒரு வீடியோத் துண்டும் அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து மகள் அதைப் போட்டுக் காட்டினாள். திரையில் நிதானம் கேள்வியைப் படிக்கிறாள். கண் இந்தப் பக்கம் போகிறது. மறுபடி கேள்வி. கண் அந்தப் பக்கம் போகிறது. மறுபடி கேள்வி. அப்புறம் மேலே ஒரு பார்வை. திரும்பவும் முதலிலிருந்து. பார்க்கப் பார்க்க அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"யாரைம்மா பாக்கறே?" என்றாள் மகள்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த புருஷன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "யாரையும் பாக்கலை. வண்டி ஓட்டறா. இந்தப் பக்கக் கண்ணாடி, அந்தப் பக்கக் கண்ணாடி, மேல உள்கண்ணாடி. பரீட்சை எழுதச் சொன்னா பஸ் ஓட்டியிருக்கா உங்கம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதேதான். உட்கார்ந்து எதிரே ஒன்றை உற்றுப் பார்த்தால் கண் தானாகப் போய்விடும். சினிமா பார்க்கும்போதும் போகும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் போகும். யாரும் இதுவரை அதைக் குற்றம் என்று சொன்னதில்லை.

விளக்கம் எழுதி அனுப்பினாள். இந்தத் தடவை பதில் வந்தது. 'கவனக்குறைவால் விதியை மீறினேன்' என்று ஒப்புக்கொண்டு ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் மறுதேர்வு உண்டு. ஒப்புக்கொள்ளாவிட்டால் விசாரணை. விசாரணையிலும் தோற்றால் இரண்டு வருஷம் எந்தத் தேர்வும் எழுத முடியாது. மறுதேர்வில் கண் திரையை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் கேள்வித்தாள் நின்றுவிடும்.

"ஒரு டிக்தானே, அடிச்சுத் தொலையேன்," என்றார் புருஷன். "யாரு வந்து பாக்கப்போறா?"

மகளும் அதையே சொன்னாள். சரி, டிக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் கண்ணைப் பழக்குவோம் என்று ஆரம்பித்தார்கள். மகள் கேமராவுக்குக் கீழே சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினாள். கேள்வி, புள்ளி, கேள்வி, புள்ளி. வேறெங்கும் போகக்கூடாது. புருஷன் பக்கத்தில் நின்று தட்டைத் தட்டுவார், சீப்பை ஆட்டுவார், திரும்பக்கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் தலை வலித்தது. அப்புறம் படிந்துவிட்டது. ஒரு வாரம் போனபின், அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். மகள் கைதட்டினாள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு நிறுத்தத்தில் நாலைந்து பேர் இறங்கினார்கள். கதவை மூடினாள், கியரைப் போட்டாள், எடுத்தாள். எதிரே சாலை காலியாக இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு எடுத்தாள். வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து ஒரே கூச்சல். காலை பிரேக்கில் வைத்து அழுத்தி, அப்போதுதான் நடைபாதைப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். கடைசியாக இறங்கின பெண்ணின் தோள்பை வார் கதவில் மாட்டியிருந்தது. அவள் வண்டியோடு ஓடிவந்திருக்கிறாள்.

நிதானம் கதவைத் திறந்துவிட்டு இறங்கி ஓடினாள். அடி ஒன்றும் படவில்லை. வார் அறுந்து, பை கீழே கிடந்தது. அந்தப் பெண் அறுந்த வாரைக் காட்டினாள். "உனக்கு என்ன, கண்ணு இல்லையா?" என்று கேட்டாள்.

நிதானம் பையைப் பொறுக்கிக் கொடுத்தாள். கண் இருந்தது. நல்ல கண், இத்தனை வருஷம் ஒருத்தர் காலைக்கூட மிதிக்கவிடாத கண். அதை ஒரு மெஷினுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு வாரமாக இவளே உட்கார்ந்து குருடாக்கியிருக்கிறாள். மிச்ச ட்ரிப் முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றுக்கு மூன்று தடவை கண்ணாடியைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை உரித்துப் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். "டிக் அடிக்கமாட்டேன். கண்ணையும் மாத்தமாட்டேன். விசாரணையே வைக்கட்டும்."

"தோத்துட்டா ரெண்டு வருஷம் போயிடும்டி," என்றார் புருஷன்.

"போகட்டும். யாராவது ஒருத்தி சக்கரத்துக்குள்ள போறதுக்கு இது தேவலை. பண்ணாத தப்பைப் பண்ணேன்னு சொல்லி வாங்கற காகிதத்தை வச்சுக்கிட்டு நான் யாருக்குப் பாடம் எடுக்கறது?"

அவளைக் கட்டி இத்தனை வருஷம் ஆகியும் புருஷனுக்குத் தெரியாதா, அவள் ஒற்றைக்காலில் நின்றால் மற்றக் காலை யாரும் இறக்க முடியாது என்று.

விசாரணையும் ஆன்லைன்தான். திரையில் மூன்று சதுரங்கள். ஒன்றில் தேர்வுக்குழுத் தலைவி அம்மா. ஒன்றில் கண்காணிப்பு மென்பொருள் கம்பெனியிலிருந்து டை கட்டின ஒருவர். மூன்றாவது சதுரத்தைப் பார்த்ததும் நிதானத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்க சார். இவள் தன்னை அறியாமல் சிரித்தாள். அவர் யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இருமினார்.

"சொல்லுங்கம்மா," என்றார் தலைவி. "ஏன் அப்படி ரெண்டு பக்கமும் பாத்தீங்க?"

"பஸ் டிரைவர்ங்க நான். கண்ணாடி பாத்துப் பழகின கண்ணு."

"பரீட்சையில பஸ் இல்லையே?"

"இல்லீங்க. வேலைக்கு ஒரு கண்ணு, பரீட்சைக்கு ஒரு கண்ணுன்னு மாத்தி மாட்டிக்க முடியலை. மாட்டிப் பாத்தேன்." தோள்பை விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். டிப்போ மேனேஜர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தும் சொன்னாள்.

கம்பெனிக்காரர் குறுக்கே வந்தார். "மேடம், எங்க சிஸ்டம் யாரையும் குற்றம் சொல்லாது. சந்தேகத்துக்கு இடமா இருந்தா காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்."

"சரிங்க. சந்தேகப்பட்டது மெஷினு. முறைகேடுன்னு எழுதினது யாரு?"

அவர் தலைவியைப் பார்த்தார். தலைவி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் பெரியவங்க. கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. என் வீடியோவை முழுசா உக்காந்து பாத்தது உங்கள்ல யாரு?"

தலைவி தாளைப் புரட்டினார். எங்க சார் பேனா மூடியைக் கழற்றினார்.

"ரெண்டு வருஷமா நான் சாரைப் பாத்துக்கிட்டே இருக்கேன்," என்றாள் நிதானம். "சார் எந்த எடத்துல இருமுவாருன்னு எனக்குத் தெரியும். சாருக்கு என்னைத் தெரியாது. அது சாரோட தப்பு இல்லை, இந்தப் படிப்போட அமைப்பு அப்படி. இந்தப் படிப்பு இல்லேன்னா நான் படிச்சிருக்கவே மாட்டேன், அந்த நன்றி எனக்கு இருக்கு. ஆனா தெரியாத ஒருத்தியைத் திருடின்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவ மூஞ்சியைப் பாத்திருக்கலாம்."

எங்க சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ணாடியை ஓயாம பாக்கணும்னு பாடத்துல சொன்னதே நான்தான்," என்றார். மற்ற இருவரையும் பார்த்துத்தான் சொன்னார்.

"இப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?" என்றார் தலைவி.

"மறுபடி எழுதறேங்க. ஒப்புதல் கட்டத்துல டிக் அடிக்கமாட்டேன். கண்ணு போற பக்கம் போகும், தடுக்கமாட்டேன். அந்தப் பக்கம் மெஷினு உக்காந்து பாக்கக்கூடாது, மனுஷங்க யாராவது உக்காந்து பாருங்க. நான் ஏமாத்தறேன்னு அவங்க சொல்லட்டும், ரெண்டு வருஷம் என்ன, பத்து வருஷம் தள்ளிப் போடுங்க, வாயைத் தொறக்கமாட்டேன்."

விதியில் அதற்கெல்லாம் இடமில்லை என்று தலைவி இழுத்தார். மெஷினை அணைக்க முடியாது, ஆனால் 'தொடரலாம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது என்றார் கம்பெனிக்காரர். ஒவ்வொரு தடவை தாள் நிற்கும்போதும் கண்காணிப்பாளர் ஒரு நிமிஷத்துக்குள் அதை அமுக்கினால் தேர்வு ஓடும், அமுக்காவிட்டால் மூடிவிடும். இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லையாம், மூன்று மணி நேரம் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் உட்காருவார்கள்?

"நான் உக்கார்றேன்," என்றார் எங்க சார்.

தேர்வு அன்றைக்குக் காலையில் மகள் வெளியே போய்விட்டாள். புருஷன் சலூனுக்குப் போகாமல் வாசலில் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில் எங்க சார், சின்னச் சதுரத்தில். முதல் கேள்வியைப் படித்தாள். கண் போயிற்று. மஞ்சள் பெட்டி ஒன்று குதித்து வந்து தாளை மூடியது. எங்க சார் அமுக்கினார், பெட்டி போயிற்று. இரண்டாம் கேள்வி. மறுபடி பெட்டி, மறுபடி அமுக்கல். ஆரம்பத்தில் அவர் முகத்தில் ஒரு எரிச்சல் தெரிந்தது. போகப்போக இரண்டு பேருக்கும் கை படிந்துவிட்டது. அவள் பார்ப்பாள், அவர் அமுக்குவார், அவள் எழுதுவாள்.

பாதிக்குமேல் தாண்டிவிட்டாள். பெரிய கேள்வி ஒன்று, மதிப்பெண்ணும் பெரிசு. விறுவிறுவென்று தட்டிக்கொண்டு போனாள். கண் வழக்கம்போல் ஒரு சுற்றுப் போய், மூலைச் சதுரத்தில் வந்து நின்றது. எங்க சாரின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மஞ்சள் பெட்டி தாளை மூடிக்கொண்டு நின்றது, அதற்குள் நொடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன.

தேர்வு நேரத்தில் வாய் திறந்து பேசியதைக் கண்காணிப்பாளர் குறித்துவிட்டால் அதுவும் முறைகேடு, விதியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பேசாவிட்டால் தாள் மூடிவிடும். இரண்டு வருஷம் போகும், அந்த வேலை போகும், பேரும் போகும். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சார்," என்றாள், பக்கத்து சீட்டில் தூங்கி விழுகிற ஆளை எழுப்புகிற குரலில். அசையவில்லை. "சார். கண்ணைத் திறங்க சார். பெட்டி நிக்குது."

எங்க சார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கை தடுமாறி எதையோ தட்டிவிட்டது, பிறகு பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கியது. பெட்டி போயிற்று.

"நேத்தெல்லாம் நாலு எடத்துக்குப் பாடம் பதிவு பண்ணினேம்மா," என்றார். முகம் சிவந்திருந்தது. "கேமராவைப் பாத்தே பேசிப் பேசி, எதிர்ல ஆள் இருக்குங்கறதே மறந்துபோச்சு. ஒருத்தரும் தலையாட்ட மாட்டாங்க. சுவத்தோட பேசற மாதிரி."

"எழுந்து நில்லுங்க சார், தூக்கம் வராது. நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

மிச்ச நேரம் முழுக்க எங்க சார் நின்றுகொண்டே அமுக்கினார்.

தேறினாளா என்று இப்போதே கேட்பீர்கள். தேறினாள். அந்த 'முறைகேடு' என்ற வார்த்தையை அழித்து, மேனேஜருக்கும் கடிதம் போட வைத்தாள், அதற்கும் சண்டை போட்டுத்தான். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குத் தாள் முடிந்ததும், கண்காணிப்பாளர் அறிக்கை என்று ஒரு பக்கம் எங்க சாருக்குத் திறந்தது. அவர் அதை உரக்க வாசித்தார். "தேர்வர் திரையை விட்டு வெளியே பார்த்தாரா? ஆம், இல்லை." வாசித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "இல்லைன்னு போட்டுடறேம்மா. யாரும் திரும்பப் பாக்கப்போறதில்லை. எதுக்கு வம்பு?"

"ஆம்னு போடுங்க சார்," என்றாள் நிதானம். "பாத்தேன். பாத்ததை இல்லைன்னு எழுதித்தான் பாஸ் பண்ணணும்னா, அன்னிக்கே டிக் அடிச்சிருப்பேனே."

எங்க சார் அவளைப் பார்த்தார். அப்புறம் 'ஆம்' என்பதை அமுக்கினார். கீழே காரணம் எழுதச் சொல்லி ஒரு காலிக் கட்டம் இருந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அவளுக்குக் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினார்:

"பார்த்தார். நான் தூங்கியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்."